ஞாயிற்றுக்கிழமைப் பூ

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் பத்துப் பதினோரு தலைவிளக்குகள் அசைந்துகொண்டிருக்கும். நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்ற ஆறு நாட்களும் அந்த விளக்குகளில் ஒன்று என் நெற்றியில் இருக்கும். ஞாயிறன்று மட்டும் நான் உள்ளே போவதில்லை. அன்றைக்குப் பறிக்கிற பூ என்னுடையதன்று, பறிக்கிறவர்களுடையது. எடை போடுவதும், மூட்டை கட்டுவதும், சத்தியமங்கலம் (சத்தி) மார்க்கெட்டுக்கு அனுப்புவதும், பணத்தைப் பிரித்துக்கொள்வதும் அவர்கள் பாடு. எங்கள் கணக்கு நோட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே கோடு மட்டும் போட்டிருக்கும்.

இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்டு, எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்களும் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் எப்படி வந்தது என்று பல தடவை கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்லியே பழகிவிட்டதால், ஒரு முறையாவது முழுதாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

எங்களுடையது இரண்டரை ஏக்கர். சத்தியமங்கலத்திலிருந்து பவானிசாகர் போகும் பக்கம், கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழே இருக்கிறது. ஒன்றரை ஏக்கரில் குண்டுமல்லி, அரை ஏக்கரில் சம்பங்கி, மீதி அரை ஏக்கரை மாற்றி மாற்றிச் சும்மா போட்டுச் சணப்பு விதைத்து மடக்கி உழுவோம். மல்லிகையைச் செடிக்குச் செடி ஒன்றேகால் மீட்டர் விட்டு நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 2,600 செடி வரும். அந்தக் கணக்கில் எங்களிடம் 3,800-க்குக் கொஞ்சம் மேலே நிற்கின்றன. மாசி, பங்குனியில் தொடங்கி ஐப்பசி வரைக்கும் பூ. கார்த்திகைக் கடைசியில் தண்ணீரை நிறுத்திக் கவாத்து செய்து, செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிடுவோம். அதனால் கிறிஸ்துமஸ் அன்று எங்கள் தோட்டம் வெறும் குச்சியாக நிற்கும். பூ விவசாயி வீட்டில் கிறிஸ்துமசுக்கு மல்லிகை இருப்பதில்லை என்பது வெளியூர் உறவினர்களுக்கு இன்றுவரை நம்ப முடியாத செய்தி.

இந்த நிலத்தை வாங்கியவர் என் அப்பாரு, அதாவது என் தாத்தா. அவர் பிறர் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். 1830-இல் கோயம்புத்தூருக்கு வந்த இலண்டன் மிஷன் வழியாக இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சபைகள் உண்டாயின. அப்படிப்பட்ட ஒரு சிறிய சபையில்தான் அவர் எழுத்துக் கற்றார், ஞானஸ்நானமும் பெற்றார். கூலி என்பது அவருக்கு ஒரு நாள் தானியமாகவும் ஒரு நாள் வெறும் வாக்காகவும் வந்த காலத்தை அவர் மறக்கவேயில்லை. வேலை செய்தவனுடைய கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமத்தில் இருக்கிறதல்லவா, அந்த வசனத்தை அவர் வேதப் புத்தகத்தில் சிவப்புப் பென்சிலால் கோடிட்டிருந்தார். வேறு எங்கும் அவர் கோடு போட்டதாக எனக்கு நினைவில்லை. எங்கள் தோட்டத்தில் இன்றுவரை வாரக் கூலி கிடையாது. அன்றன்று பறித்த கிலோவுக்கு அன்றன்று மாலைக்குள் பணம். சந்தையிலிருந்து பணம் வர நாலு நாள் ஆகும் என்பது எங்களுக்கும் கமிஷன் கடைக்கும் உள்ள வழக்கம். பறித்தவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை விஷயத்தில் அப்பாருவும் அப்பாவும் எனக்கு வழிகாட்டவில்லை. அவர்கள் காலத்தில் நிலத்தில் சோளமும் புகையிலையும் மஞ்சளும்தான். மஞ்சள் ஒரு நாள் காத்திருக்கும். மல்லிகை காத்திருக்காது. இன்று மாலை விரியப்போகிற மொட்டை இன்று காலை பறித்தாக வேண்டும். விட்டால் இரவே விரிந்து, மறுநாள் வெயிலில் பழுப்பாகி, செடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தால், இன்றைய மொட்டு நல்ல வெள்ளையாக, காம்பு நீண்டு, உப்பியிருக்கும். நாளைய மொட்டில் இலேசான பச்சை தெரியும், கெட்டியாக இருக்கும். அனுபவமுள்ள பெண்கள் பார்ப்பதே இல்லை. விரல் நுனிக்கே தெரியும். ஒரு முறை என் மகள் 100 கிராம் மொட்டை எண்ணிப் பார்த்தாள், 400-ஐத் தாண்டியது. ஒரு கிலோவுக்கு நாலாயிரத்துக்கு மேல் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். பொழுது ஏறுவதற்குள் ஒருவர் மூன்று, நான்கு கிலோ பறித்தால் அது நல்ல கை.

நான் மல்லிகை போட்ட முதல் வருஷம், ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டும் என்ற உறுதியில், ஞாயிறன்று பறிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மிகுந்த மனநிறைவோடு எங்கள் சபைக் கோயிலுக்குப் போனேன். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, பறிக்க வருகிறவர்களில் மூத்த அக்கா வரப்பில் நின்று சொன்னார்: “தம்பி, உங்களுக்கு அது சாமி நாளுங்க. எங்களுக்கு அது சோத்து நாளுங்களே.” பறிப்பவர்களில் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. பண்ணாரி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பங்குனியில் குண்டம் இறங்குகிறவர்களும் அவர்களில் உண்டு. என் ஓய்வுக்காக அவர்கள் வாரத்தில் ஒரு நாள் கூலியை இழந்துகொண்டிருந்தார்கள். மோசேயின் நியாயப்பிரமாணம் ஓய்வுநாளைச் சொல்லும்போது வேலைக்காரனையும் வேலைக்காரியையும் அந்நியனையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனால் பட்டினியோடு ஓய்ந்திருக்கச் சொல்லவில்லை.

அடுத்த வழி, வேலை இல்லாமலே ஞாயிற்றுக் கூலியைக் கொடுப்பது. ஒரு கோடை முழுவதும் கொடுத்தேன். என் கையிருப்பு அதைத் தாங்கவில்லை. அதைவிட, வாங்கியவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. “பூத்த பூவ உட்டுப்போட்டுப் போறது பாவமுங்க” என்றார் அதே அக்கா. பறிக்காமல் விட்ட மொட்டுகளில் புழு வேறு பெருகியது. திங்கட்கிழமை பறிப்பில் பாதி நேரம் நேற்றைய செத்த பூவைக் களைவதிலேயே போயிற்று.

அந்த நாட்களில்தான் லேவியராகமத்தில் ஒரு பகுதியைப் புதிதாகப் படிப்பதுபோலப் படித்தேன். அறுக்கும்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, திராட்சத்தோட்டத்தில் சிந்தியதைப் பொறுக்காதே, அவற்றை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்பது அந்தக் கட்டளை. நில உடைமைக்காரன் தருமம் செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. ஓரம் முதலிலிருந்தே அவனுக்குரியதில்லை என்ற தொனியில்தான் அது பேசுகிறது. எங்கள் தோட்டத்தில் ஓரம் என்று எதைச் சொல்வது? இடத்தில் வகுத்தால் ஒரு மூலை. காலத்தில் வகுத்தால் ஏழில் ஒரு நாள். மூத்த அக்காவைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை தோட்டம் முழுவதும் உங்களுடையது, கூலி கிடையாது, பூவின் விலை முழுவதும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. விலை கிலோ நாற்பதுக்கு விழுந்தால் கூலியும் போச்சே என்றார். சரியான கேள்வி. ஆகவே விலை கூலிக்குக் கீழே போகிற ஞாயிறுகளில் வழக்கமான கூலியை நான் தருவது என்று பேசினோம். அவர்களுடைய ஓய்வுக்கு, ஆளாளுக்கு வாரத்தில் வேறொரு நாளை முறைவைத்து எடுத்துக்கொண்டார்கள். இது ஓய்வுநாள் கட்டளையை முழுதாக நிறைவேற்றுகிறதா என்று எங்கள் ஆயர் கேட்டார். என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை.

இங்கே என் தவற்றையும் எழுதியாக வேண்டும். மல்லிகை விலை அறிந்தவர்களுக்குத் தெரியும்: திங்கட்கிழமை முகூர்த்தமானால் ஞாயிற்றுப் பூவுக்குத்தான் உச்ச விலை. ஏற்பாடு தொடங்கிய இரண்டாம் வருஷம் வைகாசியில் அப்படி ஒரு ஞாயிறு வந்தது. சனிக்கிழமை இரவே விலை ஆயிரத்தைத் தாண்டும் என்று பேச்சு. அந்த மாதம்தான் போர்வெல் மோட்டார் எரிந்து, கம்பி சுற்றக் கொடுத்திருந்தோம். மகளுடைய கல்லூரிப் பணமும் கட்ட வேண்டியிருந்தது. விடியற்காலையில் நான் தோட்டத்துக்குள் இறங்கிப் போய், இந்த ஒரு வாரம் மட்டும் பாதிப் பாதி வைத்துக்கொள்வோமா என்று கேட்டேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. மூத்த அக்கா “நிலம் உங்களுதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பறிப்பைத் தொடர்ந்தார்.

அன்று ஆராதனையில் என்ன வாசித்தார்கள் என்பது என் நினைவில் இல்லை. நான் திரும்பத் திரும்ப யோசித்தது அந்த இரண்டு சொற்களைத்தான். “தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம்” என்கிற வசனத்தை எத்தனையோ தடவை எடுத்துப் பேசியவன் நான். நம் வேதாகமத் தமிழில் உக்கிராணக்காரன் என்று ஒரு சொல் இருக்கிறது. பிறருடைய சரக்கறைக்குப் பொறுப்பாளன், சாவி வைத்திருக்கிறவன், சரக்கு அவனுடையது அன்று. இயேசு சொன்ன ஓர் உவமையில் எஜமான் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டு, “உன் உக்கிராணக்கணக்கை ஒப்புவி” என்கிறான். நிலம் உங்களுது என்று அந்த அம்மாள் சொன்னபோது, இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அது என்னுடையது என்றுதான் நான் நடந்துகொண்டிருந்தேன். சந்தையிலிருந்து பணம் வந்ததும் அந்தப் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். வாங்கிக்கொண்டார்கள். மோட்டாருக்குக் கடன் வாங்கினோம்.

நிலம் மட்டுமல்ல, தண்ணீரும் இந்தக் கணக்கில் வருகிறது. 1950-களில் பவானிசாகர் அணையோடு சேர்த்து வெட்டிய கீழ்பவானி வாய்க்கால் ஈரோடு, திருப்பூர், கரூர் என்று 200 கிலோமீட்டர் அளவுக்கு ஓடி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் பதினைந்து இருபது நாளில் எங்கள் கிணற்றில் ஊற்று ஏறும், நிறுத்தினால் இறங்கும். கிணறு எங்கள் பட்டாவில் இருக்கிறது; ஊற்று ஊர்ப் பொது வாய்க்காலின் கசிவு. இதைக் கண்ணால் பார்த்த பிறகு, கிணறு நிரம்பியிருக்கிறதென்று பாத்தி வழிய வழியக் கட்டுவதற்கு மனம் வரவில்லை. சொட்டுநீர் போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது.

மருந்து பற்றி எழுதாமல் பூ விவசாயத்தைப் பற்றி எழுதினேன் என்று சொல்ல முடியாது. மல்லிகைக்குப் பெரிய எதிரிகள் மொட்டுப்புழுவும் மொட்டு ஈயும். ஈ தாக்கிய மொட்டை எடுத்துப் பார்த்தால் அடிப்பாகம் வீங்கி, ஊதா நிறம் ஏறியிருக்கும். நகத்தால் பிளந்தால் உள்ளே நொய்யரிசியை இன்னும் நுணுக்கினதுபோல வெள்ளைப் புழுக்கள் நெளியும். இரண்டு நாளில் மொட்டு உதிர்ந்துவிடும். தாக்குதல் கூடினால் ஒரு பறிப்பில் பாதி போய்விடும். மருந்துக்கடையில் கொடுப்பதை அடித்தால் நிற்கும். காய்கறிக்கு மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்துப் பறி என்று காத்திருப்பு நாள் சொல்வார்கள். நாள்தோறும் பறிக்கிற பூவுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? மாலை அடித்ததை விடியற்காலையில் பறிக்கிறோம். ஆரம்ப வருஷங்களில் நானும் அப்படித்தான் செய்தேன். பூவைச் சாப்பிடப் போவதில்லையே என்பதுதான் எல்லாரும் சொல்லும் சமாதானம். பூவை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்க்கிறோம், குழந்தையின் தலையில் வைக்கிறோம், கட்டுகிற பெண்கள் நாரைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். பறிக்கிறவர்களோ மூன்று மணி நேரம் அந்த ஈரத்திலேயே கை வைத்திருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு பெண்ணின் விரலிடுக்கெல்லாம் தோலுரிந்து, ரசம் கரைத்தாலும் எரிகிறது என்று சொன்னபோதுதான் நான் நிறுத்தினேன். அதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்தவில்லை.

நிறுத்திய பிறகு முதல் இரண்டு வருஷம் விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. பிறகு வழி தெரிந்தது. மொட்டு ஈயின் புழு கீழே விழுந்து மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே செடியைச் சுற்றிக் கொத்திவிட்டால் அது வெயிலில் காய்ந்து சாகும், எறும்பும் மைனாவும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். உதிர்ந்த மொட்டைக் கூட்டி எடுத்துக் குழிக்குள் போட்டு மூட வேண்டும். வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து ஊறவைத்து வடிகட்டி 100 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். பறிப்பு முடிந்த பிறகு, வெயில் தாழ. சம்பங்கிக்கு வேர் முடிச்சு நூற்புழுத் தொல்லை வந்த பாத்தியில் கிழங்கை எடுத்துவிட்டு ஒரு போகம் செண்டுமல்லி போட்டால் புழு தணிகிறது. இவையெல்லாம் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்களும் பெரியவர்களும் எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பவைதான். கைவேலை அதிகம் என்பதால் நாம் செய்வதில்லை. இயேசுவின் இன்னோர் உவமையில், கனியற்ற அத்திமரத்தை வெட்டச் சொன்ன எஜமானிடம் தோட்டக்காரன் கேட்கிறான்: “இது இந்த வருஷமும் இருக்கட்டும், நான் இதைச் சுற்றிலுங் கொத்தி, எருப்போடுவேன்.” இரக்கத்துக்கு உவமையாகத்தான் இதுவரை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். 3,800 செடியைச் சுற்றிலும் மம்மட்டியால் கொத்திய பிறகு, அந்தத் தோட்டக்காரன் எவ்வளவு வேலையைத் தலையில் ஏற்றுக்கொண்டான் என்பது என் முதுகுக்கே தெரிகிறது.

சில வருஷங்களில் இதுவும் போதாமல் மருந்தடிக்க நேர்ந்திருக்கிறது. அப்போது ஒரு வாரப் பூவை விற்பதில்லை, பறித்துப் புதைத்துவிடுவோம். அந்த வாரத்தில் வருகிற ஞாயிற்றுக்கும் கூலியை நானே தருகிறேன்.

சபையில் வேறொரு கேள்வியும் எழுவதுண்டு. எங்களில் சில குடும்பங்களில் பெண்கள் பூ வைப்பதில்லை. என் அம்மாவும் வைத்ததில்லை. கோவிலுக்கு மாலையாகப் போகிற பூவை ஒரு விசுவாசி பயிரிடலாமா என்று என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறார்கள். தேவன் தீயோர் மேலும் நல்லோர் மேலும் தமது சூரியனை உதிக்கப்பண்ணுகிறார் என்று படிக்கிறோம். எங்கள் பூ கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் போகிறது, வாங்கியவர் அதை எங்கே வைப்பார் என்று கேட்பதற்கு நான் யார்? சுத்தமான பூவாகக் கொடுத்தேனா என்று மட்டும் என்னைக் கேட்பார்கள். சீசனில் விலை விழும்போது மிஞ்சுகிற பூ செண்ட் ஆலைக்குப் போகும். ஆயிரம் கிலோ மல்லிகை போட்டால் இரண்டு மூன்று கிலோ மெழுகுபோன்ற வாசனைச் சாறு கிடைக்கும், அதுவும் கப்பலேறி எங்கேயோ போய்விடுகிறது.

போன ஆவணியில் என் தங்கை மகளுக்குத் திங்கட்கிழமை நிச்சயதார்த்தம். கோபியிலிருந்து தங்கை போன் செய்து, அண்ணன் தோட்டத்துப் பூதான் வேண்டும், இரண்டு கிலோ எடுத்துக்கொண்டு வா என்றாள். ஞாயிறு காலை பறிப்பு முடிந்து எல்லாரும் களத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக் கணக்கை இப்போது எழுதுவது மூத்த அக்காவின் பேத்தி; சத்தியில் கல்லூரியில் படிக்கிறாள். நான் போய் இரண்டு கிலோ வேண்டும் என்றேன். அவள் எங்கள் தராசையே எடுத்துவைத்து, ஈரத்துணியின் எடையை முதலில் கழித்து, மொட்டை அள்ளிப் போட்டு, முள் சரியாக நின்ற பிறகு மேலே ஒரு கைப்பிடி சேர்த்துக் கட்டித் தந்தாள். “இன்னைக்குச் சந்தை வெல எண்ணூறுங்க, மாமா” என்றாள். அந்த அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, பேத்தியைப் பார்த்துவிட்டு, பேசாமல் இருந்துகொண்டார். வீட்டுக்குப் போய் ஆயிரத்து அறுநூறு ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதினாள். தேதி, எடை, விலை, அதற்கு நேரே வாங்கியவர் என்ற இடத்தில் என் பெயர்.